அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்கலாம்?

வாடகை அட்வான்ஸ் பற்றி எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் 9,000 ரூபாய் வாடகைக்கு இரண்டு வருடம் குடியிருந்து காலி செய்தோம். குடிபோகும்போதுதான் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். 50,000 அட்வான்ஸில் 22,000 ரூபாயை ‘சுவரெல்லாம் நாசம், முழு வீட்டுக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும்’ என்று பிடித்துக்கொண்டார் ஓனர். நாங்கள் அடித்தது ஏழெட்டு ஆணிதான். மீதியெல்லாம் சுவரில் ஏறிய ஈரம், அதாவது ஓதம். என்ன செய்வது?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ஓதம் என்று பொதுவாகச் சொன்னால் ஓனர் மறுப்பார். எந்த ஓதம் என்று பிரித்துச் சொல்லுங்கள். இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) இரண்டு தடவை நனைக்கிற ஊரில் சுவர் மூன்று விதமாகக் கெடும். மூன்றையும் கண்ணால் பார்த்தே பிரிக்கலாம்.

தரையிலிருந்து இடுப்புயரம் வரை ஒரே பட்டையாகப் பெயிண்ட் உரிந்து, விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டினால், அது நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறியது. ஈரம் காயும்போது அதிலுள்ள உப்பு பூத்துப் பெயிண்டைத் தள்ளுகிறது. அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு இல்லாததோ கெட்டுப்போனதோதான் காரணம். வாடகைக்கு இருப்பவர் தலைகீழாக நின்றாலும் அதைத் தடுக்க முடியாது. மேற்கூரையிலோ சுவரின் மேல்பகுதியிலோ, ஓரம் பழுப்பாகவும் நடுவில் வெளிறியும் வளையமாகக் கறை இருந்தால் அது மேலிருந்து கசிந்த நீர். அதுவும் கட்டடத்தின் கோளாறுதான். ஆனால் கசிவைப் பார்த்தும் மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்தீர்கள் என்று ஓனர் கேட்டால் பதில் வேண்டும். பழைய வாட்ஸ்அப் செய்தியைத் தேடிப் பாருங்கள். மூன்றாவது, பீரோவுக்குப் பின்னாலும் அறை மூலையிலும் கருப்புப் புள்ளிகளாகப் படரும் பூஞ்சை. மழைக்காலத்தில் ஜன்னலைத் திறக்காமல் அறைக்குள்ளேயே துணி காயப்போட்டால் இது வரும். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. பெரும்பாலும் துடைத்துவிட்டு ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் தீரும்.

சட்டத்துக்கு வருவோம். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 108-வது பிரிவின்படி, வாங்கிய நிலையிலேயே வீட்டைத் திருப்பித் தர வேண்டும், ஆனால் இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர் – வாடகைதாரர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இன்னும் தெளிவு. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. டேப், வாஷர், ஸ்விட்ச், பூட்டு, கண்ணாடி, கொசுவலை, கீசர் பழுது, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. அக்ரிமெண்டில் பெயிண்ட் செலவு உங்களுடையது என்று கையெழுத்துப் போட்டிருந்தால் கதை மாறும். முதலில் அந்த வரியைப் படியுங்கள்.

அப்படி வரி இருந்தாலும் முழுத் தொகையும் நியாயமில்லை. வீட்டுக்குள் அடிக்கும் பெயிண்டுக்கு நான்கு வருட ஆயுள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு வருடம் ஏற்கெனவே போய்விட்டது. 22,000-க்கு அசல் பில் இருந்தால்கூடப் பாதிக்கு மேல் கேட்க முகாந்திரம் இல்லை. அதிலும் ஓதம் ஏறிய சுவர்களின் பரப்பைக் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கு சட்டத்தில் எழுதியது அல்ல. பேச்சுவார்த்தையில் இரு தரப்பும் ஏற்கக்கூடிய வழி. ஏழெட்டு ஆணி ஓட்டை தேய்மானம்தான். டைல்ஸில் டிரில் போட்டிருந்தால் மட்டும் அந்த டைல்ஸுக்கான விலையைக் கொடுத்துவிடுங்கள்.

சுவர் வாரியாக அளவும், பெயிண்டரின் பில்லும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் ரவுண்டுத் தொகை, கேட்டவுடன் பாதியாகக் குறைவதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம்.

கேள்வி: செங்கோட்டையில் மாடி வீட்டைக் கட்டில், ஃபிரிட்ஜ், கீசர், இன்வெர்ட்டரோடு வாடகைக்கு விடப்போகிறேன். சாமான் பட்டியலை எப்படி எழுதினால் பின்னால் வம்பு வராது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கோட்டை

பதில்: ‘ஃபேன் 4, டியூப் லைட் 6, கட்டில் 2’ என்று எண்ணிக்கை மட்டும் எழுதிய பட்டியல்தான் பாதிச் சண்டைக்குக் காரணம் சார். ஃபேன் நான்கும் காலி செய்யும் அன்றும் நான்காகவே இருக்கும். சுற்றுமா என்பதுதான் தகராறு. ஒவ்வொரு பொருளுக்கும் கம்பெனி, மாடல், சீரியல் எண், வாங்கிய வருடம், இன்றைய நிலை என்று ஐந்து கட்டம் போடுங்கள். நிலை என்ற கட்டத்தில் ‘நன்று’ என்று எழுதாதீர்கள். ‘ஃபிரிட்ஜ்: கதவின் கீழ் ரப்பர் வலது மூலையில் 3 செ.மீ. கிழிந்துள்ளது, காய்கறி டிரேயில் விரிசல், குளிர்கிறது’ என்று எழுத வேண்டும். குறையை எழுதினால் வாடகைதாரர் பட்டியலை நம்பிக் கையெழுத்துப் போடுவார். குறையில்லாத பட்டியலை யாரும் நம்புவதில்லை.

இன்வெர்ட்டர் பேட்டரியைத் தனி வரியில் எழுதுங்கள். டியூப்லர் பேட்டரி மூன்று முதல் ஐந்து வருடத்தில் தானாகவே ஓயும். அந்த வயது வந்து ஓய்ந்தால் பிடிக்க முடியாது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாமல் தட்டுகள் காய்ந்து கெட்டால் அது வாடகைதாரர் கவனக்குறைவு. எனவே உற்பத்தித் தேதியும், ஒப்படைக்கும் அன்று பேட்டரியின் நீர்மட்டம் காட்டும் மிதவைகள் நிற்கும் அளவும் பட்டியலில் இருக்கட்டும்.

மற்றவை சுருக்கமாக: எந்தக் கதவுக்கு எத்தனை சாவி, மின் மீட்டர் அளவு, தண்ணீர்க் கட்டண பாக்கி, செப்டிக் டேங்க் கடைசியாக எடுத்த மாதம், தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதி. ஒவ்வொரு டேப்பையும் திறந்து மூடுங்கள், ஃபிளஷ் டேங்கை ஒருமுறை இழுங்கள், சிங்க்கில் ஒரு வாளி நீரை ஊற்றிவிட்டு அடியில் உள்ள குழாயைக் கையால் தடவிப் பாருங்கள். மழை ஈரத்தில் உப்பிய மரக்கதவு சித்திரையில் சரியாக மூடும், ஆடியில் இழுபடும். அதனால் எந்த மாதத்தில் சோதித்தது என்பதையும் எழுதலாம்.

அறைக்கு நான்கு மூலையிலிருந்தும் ஒரு போட்டோ, குறை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று. பிறகு கேட்டிலிருந்து மொட்டைமாடி வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அளவு சுருங்கி, எடுத்த தேதி விவரமும் போய்விடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அன்றைக்கே இருவரும் பரிமாறிக்கொள்ளுங்கள். அசல் கோப்பை அழிக்க வேண்டாம். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். பட்டியல் இரண்டு பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்து.

அக்ரிமெண்டை 90 நாளுக்குள் tenancy.tn.gov.in தளத்தின் வழியே வாடகை அதிகார அமைப்பில் (Rent Authority) பதிவுசெய்து எண் வாங்குங்கள். முதல் பதிலில் சொன்ன தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக்குப் பொருந்தும். செங்கோட்டை நகராட்சி என்பதால் உங்களுக்குத் தப்பிக்க வழியில்லை.

கேள்வி: கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, பாலக்காடு மாவட்டம் சித்தூரில் வீடு எடுத்திருந்தேன். அக்ரிமெண்ட் பொள்ளாச்சியில் வாங்கிய தமிழ்நாட்டு முத்திரைத்தாளில் எழுதியது. இப்போது 40,000 அட்வான்ஸ் தர மறுக்கிறார். எங்கே புகார் செய்வது?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: வீடு எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான். உங்கள் ஊர் பொள்ளாச்சி என்பதாலோ, முத்திரைத்தாள் அங்கே வாங்கியது என்பதாலோ தமிழ்நாட்டு வாடகை அதிகார அமைப்பு இதைத் தொடாது. கேரளத்தில் 1965-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பெரும்பாலும் நியாய வாடகையும் காலி செய்வதும் பற்றியது. அட்வான்ஸ் பாக்கி என்பது ஒப்பந்தப் பணம், சிவில் நீதிமன்ற விவகாரம். திருப்பித் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

முத்திரைத்தாள் தப்பாக இருப்பதால் அக்ரிமெண்ட் குப்பை ஆகிவிடாது. பற்றாக்குறைக் கட்டணமும் அபராதமும் கட்டினால் நீதிமன்றம் ஏற்கும். ஆனால் அதற்கு முன் ஒரு சுலப வழி இருக்கிறது: சித்தூர் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். கட்டணம் இல்லை. ஓனருக்கு நோட்டீஸ் போய் இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். சம்மதம் ஏற்பட்டு லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பதிவானால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பணம் கொடுத்ததற்கு வங்கி விவரமோ ரசீதோ வேண்டும். ரொக்கமாக ரசீதில்லாமல் கொடுத்திருந்தால், அக்ரிமெண்டில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி எல்லை தாண்டி வீடு எடுப்பவர்கள் மலையாளத்தில் எழுதிய சாமான் பட்டியலில் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பேசத் தெரிந்தவர்களுக்கும் எழுத்து பிடிபடாது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்ள யாரும் தடை சொல்லப்போவதில்லை.

கேள்வி: கரண்ட் பில்லோடு கூடுதல் டெபாசிட் என்று 2,400 ரூபாய் வந்தது, கட்டினேன். காலி செய்யும்போது அது எனக்கு வருமா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: வர வேண்டும். பயன்படுத்திய யூனிட்டுக்கான கட்டணம் உங்களுடையது. கூடுதல் டெபாசிட்டோ இணைப்பின் பெயரில், அதாவது ஓனர் கணக்கில் சேரும். மின்சாரச் சட்டப்படி அதற்கு வட்டியும் அவருடைய பில்லில்தான் வரவாகும். ரசீதை எடுத்து வைத்து அட்வான்ஸோடு சேர்த்துக் கேளுங்கள். அடுத்த தடவை அந்தத் தொகையைக் கட்டும் மாதமே வாடகையில் கழிக்க ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கம்பத்தில் வீட்டைக் காலி செய்யப்போகிறேன். ‘அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்’ என்கிறார் ஓனர். கடைசி மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல் கழித்துவிடலாமா? சாவியைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், கம்பம்

பதில்: இரண்டும் வேண்டாம். அக்ரிமெண்டில் இடமில்லாமல் வாடகையை நிறுத்தினால் நீங்கள்தான் பாக்கிக்காரர் ஆவீர்கள். அட்வான்ஸ் வேறு, வாடகை வேறு. சாவி உங்களிடம் இருக்கும்வரை வீடு உங்கள் வசம்தான், ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். அட்வான்ஸைவிட அந்த வாடகை பெரிதான வழக்கெல்லாம் உண்டு.

அடுத்த ஆள் வருவதற்கும் உங்கள் பணத்துக்கும் சம்பந்தமில்லை. தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும். முதலில் அக்ரிமெண்டில் சொன்னபடி எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். காலி செய்யும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஓனரை அழைத்து, குடிபோன நாளின் பட்டியலை வைத்து அறை அறையாகப் பார்த்துவிடுங்கள். டேப் ஒழுகுகிறது, கண்ணாடி உடைந்திருக்கிறது என்றால் நீங்களே ஆள் வைத்துச் சரிசெய்யுங்கள். அவர் ஆள் வைத்தால் பில் எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். மீட்டரைப் படம் எடுத்து, அன்றுவரை உள்ள யூனிட்டுக்குக் கணக்குப் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

சாவியைக் கொடுக்கும்போது ‘இன்ன தேதி, இன்ன நேரம், இத்தனை சாவி பெற்றுக்கொண்டேன், அட்வான்ஸ் பாக்கி இவ்வளவு’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் இரண்டு சாட்சிகள் முன்னால் ஒப்படைத்து, அன்றைக்கே அதே விவரத்தை வாட்ஸ்அப்பிலும் ஒப்புகையுடன் கூடிய தபாலிலும் அனுப்புங்கள். கடிதத்தில் உங்கள் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கட்டும், ‘எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை’ என்று சொல்ல முடியாது. முப்பது நாள் தாண்டினால் வாடகை அதிகார அமைப்பில் மனு. உங்கள் அக்ரிமெண்ட் பதிவாகியிருக்கிறதா என்பதை அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே கேட்கும் முதல் கேள்வி அதுதான்.