குழந்தைநல எம்டி முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போனால் படிப்பு வீணா?

கேள்வி: குழந்தைநல எம்டி படிக்கிறேன். கிளினிக் வைக்காமல் ஆராய்ச்சி, சுகாதாரக் கொள்கை என்று போக ஆசை. வீட்டில் "படிப்பை வீணடிக்காதே" என்கிறார்கள். உண்மையிலேயே வீணாகிவிடுமா?

பதில்:

வீணாகாது. இந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் 'வீண்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் முதல் வருடத்தில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஊரில் யாரோ ஏற்கெனவே கிளினிக்குக்கு இடம் பார்த்திருப்பார்கள். என் மாமனார் வீட்டின் கீழ்த்தளத்தைக் காலி செய்தே வைத்திருந்தார். வாசலில் பெயர்ப்பலகைக்கு ஆணிகூட அடித்தாகிவிட்டது. நல்ல மனசோடு செய்ததுதான். அந்த ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கும்.

கிளினிக் வைத்திருப்பவர்களைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. என் மகனுக்கு நடுராத்திரியில் மூச்சு இரைத்தபோது நான் தூக்கிக்கொண்டு ஓடியது தெருமுனைக் கிளினிக்குக்குத்தான். அந்த டாக்டர் லுங்கியோடு வந்து கதவைத் திறந்தார். அவர் செய்வதும் வேலை, நான் செய்வதும் வேலை. இரண்டாவதை வேலையே இல்லை என்று சொல்வதுதான் எனக்கு வலிக்கிறது.

நான் இந்தப் பக்கம் வந்த கதை இது. எம்டி இரண்டாம் வருடம், கோடைக்காலம், வயிற்றுப்போக்கு வார்டில் பாய் போடக்கூட இடம் இல்லை. ஒன்பது மாதப் பெண் குழந்தை ஒன்றை வலிப்போடு தூக்கி வந்தார்கள். இரத்தப் பரிசோதனையில் சோடியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அவசரப்பட்டு இறக்கினால் மூளை வீங்கிவிடும் என்பதால், இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக இறக்கினோம். பிழைத்துக்கொண்டாள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் புறநோயாளிப் பிரிவில் அந்தக் குழந்தையைப் பார்த்து, தண்ணீரில் கரைத்துப் புகட்டும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ் பாக்கெட் எழுதிக் கொடுத்தது நான்தான். அம்மாவைக் கேட்டேன். "நீங்க சொன்ன மாதிரிதான் டாக்டரம்மா குடுத்தேன். ஒரு பாக்கெட் கரைச்சேன்" என்றார். எதில் கரைத்தீர்கள்? பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் காட்டினார். இருநூறு மில்லி பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கான பாக்கெட் முழுவதும் அதில். ஐந்து மடங்கு உப்பு. குழந்தை குடிக்காமல் முகத்தைத் திருப்பியபோதும், டாக்டர் சொன்னாரே என்று சங்கடையில் விட்டுப் புகட்டியிருக்கிறார்.

அன்றைக்கு நான் "ஒரு லிட்டர்" என்று சொல்லியிருந்தேன். சீட்டிலும் எழுதியிருந்தேன். ஆனால் அவர் வீட்டில் ஒரு லிட்டர் என்று சொல்ல ஒரு பாத்திரமும் கிடையாது. அவரிடம் இருந்தது டம்ளரும் சொம்பும் குடமும்தான். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த நோயாளியிடமும் அதே "ஒரு லிட்டர்"தான் சொல்லியிருப்பேன். கிளினிக்கில் உட்கார்ந்திருந்தால் நாற்பது வருடமும் சொல்லியிருப்பேன்.

சரி, "ஓஆர்எஸ்ஸில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது, உப்பும் சர்க்கரையும்தானே" என்று ஒருவர் கீழே வந்து எழுதுவார். அவருக்காகத்தான் திலீப் மகலனாபிஸ் பற்றிச் சொல்கிறேன். அவரும் குழந்தை மருத்துவர்தான். கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளுக்குக் காலரா. எல்லையோரம் இருந்த பன்கான் ஆஸ்பத்திரியில் இரண்டே அறை, தரையெல்லாம் வாந்தியும் பேதியும், அதற்கு நடுவே நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் எடைபோட்டுப் பொட்டலம் கட்டி, பீப்பாயில் கரைத்து வைத்து, கூட வந்த சொந்தக்காரர்களையே கிண்ணத்தில் பிடித்துப் புகட்டச் சொன்னார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா. அவ்வளவுதான் மருந்து. நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே வந்தது.

குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். காலரா வந்தாலும் இந்த வழி மட்டும் அடைபடாது. இதை ஆய்வகத்தில் மற்றவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். படிக்காத அம்மா கையிலும் இது வேலை செய்யும் என்று காட்டியவர் மகலனாபிஸ். கட்டுரை 1973இல் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று லான்செட் மருத்துவ இதழ் 1978இல் எழுதியது. அவர் 2022 அக்டோபரில் இறந்தார். பத்ம விபூஷண் வந்தது 2023இல். உயிரோடு இருக்கும்போது கொடுத்திருக்கலாம். இதை எப்போது எழுதினாலும் எனக்கு ஆற்றாமைதான்.

நம் வேலூரிலேயே இன்னொருவர், சிஎம்சியின் ஜேக்கப் ஜான். குழந்தை மருத்துவம் படித்து வைரஸ் ஆய்வுக்குப் போனவர். மூன்று தவணை போலியோ சொட்டு மருந்து போட்ட குழந்தைகளுக்கும் நம் ஊரில் போலியோ வருகிறது, மேலைநாட்டுக் கணக்கு இங்கே செல்லாது, தவணை அதிகம் வேண்டும் என்று 1970களிலேயே காட்டினார். சொட்டு மருந்தோடு, ஊசியாகப் போடும் போலியோ தடுப்பூசியையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக வாதாடினார். இந்தியாவில் கடைசிக் காட்டு வைரஸ் (இயற்கையாகப் பரவும் வைரஸ்) போலியோ பதிவானது 2011 ஜனவரியில், ஹௌராவில். அந்த ஊசி நம் தேசியத் திட்டத்துக்குள் வந்தது 2015 நவம்பரில். இந்த வேலைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று இந்த ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் சாயங்காலமே குழந்தை சிரித்துவிடும். இங்கே தலை நரைத்த பிறகு ஒரு அரசாணை வரும்.

கொள்கை என்றால் டெல்லியில் கோட்டு போட்டு உட்காருவது என்று நினைத்துவிடாதீர்கள். 'ஓஆர்எஸ்' என்று பெயரில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைகளில் விற்ற சர்க்கரைப் பானங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய கணக்கு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். இவற்றில் அதைப் போலப் பல மடங்கு சர்க்கரை. பேதி ஆகும் குழந்தைக்குக் கொடுத்தால் பேதி கூடத்தான் செய்யும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து எட்டு வருடம் போராடினார். பானங்களின் பெயரில் 'ஓஆர்எஸ்' என்ற சொல்லே வரக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. அதுவும் குழந்தை மருத்துவம்தான்.

எம்டி முடித்ததும் நான் ஒரு ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்ப்பது. எனக்குக் கூட வந்தவர் ஒரு களப்பணியாளர் அக்கா, பத்தாம் வகுப்பு படித்தவர். முதல் வாரமே அந்த டம்ளர் கதையை அவரிடம் சொன்னேன். மறுநாள் கைப்பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் சிவப்பு நகப்பூச்சும் கொண்டுவந்தார். ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் சொம்பிலேயே பாட்டில் தண்ணீரை ஊற்றி, நின்ற மட்டத்தில் வெளிப்பக்கம் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டார். சொம்பு சின்னதாக இருந்தால் குண்டானில் போட்டார். "இந்தக் கோடு வரைக்கும் தண்ணி, ஒரு பாக்கெட் முழுசா. மறுநாளைக்கு மிச்சம் வெக்காத, கீழ கொட்டிடு." அவ்வளவுதான் அவர் பேச்சு. சாம்பல் போட்டுத் தேய்த்தும் சில வீடுகளில் மாதக்கணக்கில் அந்தக் கோடு அழியாமல் இருந்தது.

கேட்ட கேள்விக்கு வெளியே போகிறேன், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் திட்டத்தின் கட்டுரை வெளிவந்தபோது அதில் பதினான்கு பேர் பெயர் இருந்தது. அந்தக் கிராமங்களுக்கு ஒருநாள்கூட வராதவர்கள் பெயரும் இருந்தது. அக்காவுக்கு "களப்பணியாளர்களுக்கு நன்றி" என்ற அரை வரி. திட்டம் முடிந்ததும் கடைசி மூன்று மாதச் சம்பளத்துக்கு அவரை நாலு முறை நடக்கவிட்டார்கள். நான் கேட்டதற்கு "நிதி வரவில்லை மேடம்" என்றார்கள். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. இந்த வேலைக்கு வந்தால் இதையும் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். உங்கள் பெயரில் ஒரு திட்டம் வரும்போது வாசல் வாசலாக நடந்தவர்களின் பெயரையும் போடுங்கள்.

பணம்? என்னோடு படித்தவர்கள் சம்பாதிப்பதில் கால்வாசி வரும் எனக்கு. என் கணவருக்கு நிரந்தர வேலை இருந்ததால் சமாளித்தோம், அதை மறைக்க விரும்பவில்லை. வீட்டில் உங்கள் ஒருவர் சம்பளம்தான் என்றால், முதலில் அரசு வேலையில் சேர்ந்து அங்கிருந்தே ஆய்வு செய்யப் பாருங்கள். அது கோழைத்தனம் இல்லை. எனக்கும் வாரம் இரண்டு நாள் புறநோயாளிப் பிரிவு உண்டு. அதை விடவே மாட்டேன், கேள்விகள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொடுக்க இன்னும் நாள் இருக்கும் என்று நினைக்கிறேன். சீனியர் கொடுக்கும் பழைய தலைப்பை வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் வயிற்றுப்போக்கு வார்டில், டியூட்டி முடிந்த பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். அம்மாக்கள் அந்தப் பாக்கெட்டை எதில் கொட்டுகிறார்கள், எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறார்கள், மிச்சத்தை என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்.