மொட்டைமாடி ஸ்கைலைட்: கேள்வியும் பதிலும்

மதுரை: சார், பழைய வீடு. படிக்கட்டுக்கு மேலே கான்கிரீட் தளத்தை 3க்கு 3 அடி வெட்டி ஸ்கைலைட், அதாவது வெளிச்சம் வரக் கண்ணாடித் திறப்பு, வைக்கலாமா?

வைக்கலாம். மேஸ்திரி பேச்சோடு நிறுத்தாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டுங்கள். 3 அடி வெட்டினால் தளத்துக்குள் நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓடும் கம்பிகள் அறுபடும். அடியில் இரும்புச் சட்டம் தேவையா என்று அவர்தான் சொல்ல வேண்டும். பீமைத் தொடவே கூடாது. பிரேக்கரால் இடித்தால் சுற்றிலும் விரிசல் விழும். கட்டரால் அறுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், துளையைச் சுற்றி மாடித் தரைக்கு மேல் 6 அங்குலமாவது கட்டை, அதாவது குட்டைச் சுவர், எழுப்புங்கள். வாட்டர்புரூஃபிங் அந்தக் கட்டையின் தலை வரை ஏற வேண்டும். கண்ணாடி சாய்வாக, கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். மழையை நிறுத்துவது இந்தக் கட்டைதான், இடுக்கில் பூசும் சிலிக்கான் பசை அல்ல.

திருப்பூர்: மழையில் ஒழுகுமா?

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகர்கோவில்: 12 மி.மீ. டஃபன்டு (சூடேற்றி வலுவாக்கிய) கண்ணாடியே போதும் என்கிறார் கடைக்காரர்.

தலைக்கு மேலே வெறும் டஃபன்டு வேண்டாம். உடைந்தால் மொத்தமும் சிதறிக் கீழே கொட்டும். சில சமயம் யாரும் தொடாமலே வெடிக்கும். லேமினேட்டட் கேளுங்கள்: இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருக்கும், உடைந்தாலும் துண்டுகள் அதிலேயே ஒட்டி நிற்கும்.

சேலம்: வாஸ்துப்படி எந்த மூலை?

அது என் துறை இல்லை.

காரைக்குடி: அண்ணா, தாத்தா வீட்டு முற்றத்தை பாலிகார்பனேட் (வெளிச்சம் விடும் பிளாஸ்டிக்) ஷீட் போட்டு மூடலாம் என்று இருக்கிறோம். குரங்குத் தொல்லை.

ஓட்டு விளிம்போடு ஒட்டி மூடாதீர்கள். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில்தான் விழுகிறது. மூடிவிட்டால் அது எங்கே போகும்? சூடும் வெளியேறாது. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் உங்கள் ஊரில் நேர் உச்சிக்கு வரும், வீடு அடுப்பாகிவிடும்.

சென்னை: மூடினால் அது முற்றமே இல்லை. மழை விழத்தானே கட்டினார்கள்? இவருக்கு வழி வேறு சொல்லிக் கொடுக்கிறீர்களே!

நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள், சாமான் தூக்கும் குரங்கு அவர் வீட்டில் இருக்கிறது. குரங்கு மட்டும்தான் பிரச்சினை என்றால் இரும்புக் கம்பி வலை போதும், அதில் உங்கள் கட்சிதான் நான்.

காரைக்குடி: அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மழையில் தரை வழுக்குகிறது. அதனால்தான் மூடச் சொல்கிறோம்.

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அப்படியானால் இரும்புக் கால் நிறுத்தி, ஓட்டுக்கு மேல் 2 அடி உயர்த்திக் கூரை போடுங்கள். பக்க இடைவெளியில் வலை அடியுங்கள். சூடான காற்று அதன் வழியே போய்விடும். ஓட்டுத் தண்ணீர் பழையபடி முற்றத்தில்தான் விழும், அதைப் பிடிக்க விளிம்பு நெடுக வாய்க்கால் போல் மடித்த தகரம் கொடுங்கள். ஷீட்டில் வெயிலைத் தாங்கும் யுவி பூச்சு உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். 3 மீட்டர் ஷீட் 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 8 மி.மீ. நீளும். அதனால் திருகை விடப் பெரிய துளை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துளையில் இருந்தே கீறல் விடும்.

ஈரோடு: சார், எந்த சிலிக்கான் போட்டால் ஒழுகாது?

கட்டை போட்டால் ஒழுகாது. சிலிக்கான் அதற்கு மேல்தான். அதிலும் வினிகர் வாடை அடிப்பது கான்கிரீட்டில் சரியாகப் பிடிக்காது, நியூட்ரல் வகை வாங்குங்கள்.