மெனு ஏன் திக்கித் திக்கி வருகிறது?

இணையச் செயலிகளில் அசைவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஷூ மொத்த வியாபாரிகளுக்கு ஆர்டர் செயலி செய்திருக்கிறேன். இடப்பக்க மெனு 280 பிக்சல் அகலம். சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) இடது ஓரத்திலிருந்து தூரத்தைச் சொல்லும் 'லெஃப்ட்' மதிப்பை -280இலிருந்து 0க்கு மாற்றி, 0.3 விநாடி ட்ரான்சிஷன் (படிப்படியான மாற்றம்) கொடுத்தேன். என் லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு வருகிறது. கடைக்காரர்களின் விலை குறைந்த போனில் திக்குகிறது. போனை மாற்றச் சொல்ல முடியுமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: போனை மாற்ற வேண்டாம், 'லெஃப்ட்'டை மாற்றுங்கள். திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால் ஒரு ஃபிரேமுக்கு (ஒரு முறை வரையும் காட்சிக்கு)க் கிடைப்பது 16.7 மில்லி விநாடிதான். 'லெஃப்ட்' மாறும் ஒவ்வொரு ஃபிரேமிலும் எது எங்கே நிற்க வேண்டும் என்று பிரவுசர் மறுபடி கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு நடப்பது உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் அதே மெயின் த்ரெட்டில், அதாவது பிரவுசரின் முதன்மை வேலை வரிசையில். மெனு வரும் நேரம் பார்த்து ஆர்டர் பட்டியலும் சர்வரிலிருந்து வந்து இறங்கினால் 16.7க்குள் வேலை முடியாது. ஃபிரேம் தவறும். அதைத்தான் திக்கலாகப் பார்க்கிறீர்கள்.

'லெஃப்ட்' எப்போதும் 0 ஆகவே இருக்கட்டும். மூடியிருக்கும்போது ட்ரான்ஸ்ஃபார்மில் ட்ரான்ஸ்லேட்எக்ஸ் (பக்கவாட்டு நகர்வு) -100%, திறக்கும்போது 0. ட்ரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி (ஒளிபுகாத் தன்மை) இரண்டையும் பிரவுசரில் அடுக்குகளைச் சேர்த்துக் காட்டும் கம்பாசிட்டர் தனியே நகர்த்திக்கொள்ளும். மெயின் த்ரெட் மூச்சுவிட நேரமில்லாமல் இருந்தாலும் மெனு வழுக்கும். பாக்ஸ் ஷேடோவை நேரடியாக அசைக்காதீர்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் நிழலைப் புதிதாக வரைய வேண்டியிருக்கும். நிழலை ஒரு 'ஆஃப்டர்' கூறில் (சிஎஸ்எஸ் உருவாக்கும் கூடுதல் பெட்டி) வைத்து அதன் ஒபாசிட்டியை மட்டும் மாற்றுங்கள்.

மூன்று இடத்தில் கால் இடறும். ஒன்று, திரைக்கு வெளியே தள்ளினாலும் கீபோர்டின் டேப் விசை மெனு லிங்குகளுக்குள் போய்வரும். அதனால் விசிபிலிட்டியையும் ஹிட்டனாக்கி, அதே 0.3 விநாடி ட்ரான்சிஷனில் சேர்த்துவிடுங்கள். மூடும்போது கடைசி நொடி வரை தெரிந்து, பிறகு மறையும். இரண்டு, பக்கம் முழுவதையும் சுற்றிய பெட்டிக்கு ட்ரான்ஸ்ஃபார்ம் கொடுத்தால், அதனுள்ளே ஃபிக்ஸட் ஆக நின்ற மொத்தத் தொகைப் பட்டை திரையோடு நிற்காது, பெட்டியோடு உருளும். பட்டையைப் பெட்டிக்கு வெளியே எடுத்துவிடுங்கள். மூன்று, 'இது அசையப்போகிறது' என்று பிரவுசருக்கு முன்கூட்டியே சொல்லும் வில்-சேஞ்ச் மெனுவுக்கு மட்டும் போதும். ஆர்டர் பட்டியலின் 200 வரிக்கும் எழுதினால் ஒவ்வொன்றும் தனி அடுக்காகி மெமரியைத் தின்னும்.

க்ரோமின் பெர்ஃபார்மன்ஸ் பேனலில் சிபியு வேகத்தை 4 மடங்கோ 6 மடங்கோ குறைத்துப் பாருங்கள். அதோடு விடாமல் உண்மையான போனிலும், நம் ஊர் மே மாத மத்தியான வேளையில் ஒரு தரம் சோதியுங்கள். சூடேறிய போன் தன் பிராசஸர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கேள்வி: லுங்கி கேட்டலாக்கில் 'விவரம்' தொட்டால் பெட்டி விரிய வேண்டும். உயரம் 0இலிருந்து ஆட்டோவுக்கு (உள்ளடக்கத்தின் அளவுக்கு) அசையவில்லை. மேக்ஸ்-ஹைட் (அதிகபட்ச உயரம்) 1000 பிக்சல் வைத்தேன். திறக்கும்போது சட்டென்று, மூடும்போது தாமதம்.
– வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் விவரம் 180 பிக்சல் உயரம், நேரம் சீரான 300 மில்லி விநாடி என்று வையுங்கள். அசைவு 1000 வரை ஓடுகிறது. அதில் கண்ணுக்குத் தெரிவது முதல் 180, அதாவது 54 மில்லி விநாடி. மூடும்போது 1000இலிருந்து 180க்கு இறங்கவே 246 போய்விடுகிறது. வெறும் காத்திருப்பு.

வெளிப்பெட்டியை கிரிட் (கட்ட அமைப்பு) ஆக்கி, வரிசை உயரத்தை 0 எஃப்ஆரிலிருந்து 1 எஃப்ஆருக்கு (எஃப்ஆர் என்பது இடத்தின் பங்கு) மாற்றுங்கள். உள்பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ ஹிட்டன் (மிஞ்சுவதை மறைப்பது), மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) 0. பேடிங்கை (உள் இடைவெளியை) அந்த உள்பெட்டிக்கே கொடுத்தால் மூடிய பிறகும் ஒரு கீற்று எட்டிப் பார்க்கும். இன்னும் ஒரு பெட்டி உள்ளே தள்ளிக் கொடுங்கள். இதில் லேஅவுட் கணக்கு நடக்கத்தான் செய்யும். கீழே இருப்பவை நகர்ந்தாக வேண்டிய இடம் என்பதால் ஏற்கலாம்; 200 மில்லி விநாடிக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: ரியாக்டில் (திரையைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) பட்டியலின் புது வரி மெல்லத் தோன்றுகிறது. நீக்கும்போது மட்டும் பட்டென்று மறைகிறதே?
– மாணவி, காட்பாடி

பதில்: பட்டியலிலிருந்து எடுத்த அடுத்த கணம் ரியாக்ட் அந்த வரியைப் பக்கத்திலிருந்தே கழற்றிவிடுகிறது. இல்லாத ஒன்றை எப்படி மங்கச் செய்வது? முதலில் 'போகிறது' என்று ஒரு நிலை வையுங்கள். அந்த நிலையில் வரிக்குச் சேரும் சிஎஸ்எஸ் கிளாஸ் அதை மங்கச் செய்யட்டும். முடிந்த பிறகு பட்டியலிலிருந்து எடுங்கள்.

முடிந்ததை அறிய ட்ரான்சிஷன்எண்ட் நிகழ்வை மட்டும் நம்பாதீர்கள். ஒபாசிட்டிக்கு ஒன்று, ட்ரான்ஸ்ஃபார்முக்கு ஒன்று என இரண்டு முறை வரும். உள்ளே இருக்கும் பட்டனின் நிகழ்வும் மேலேறி வரும். நேரம் 0 ஆனால் வரவே வராது, வரி அப்படியே தங்கிவிடும். அந்த வரியில் ஓடும் அசைவுகளைக் கெட்அனிமேஷன்ஸ் தரும்; ஒவ்வொன்றின் 'ஃபினிஷ்ட்' பிராமிஸும் (முடிந்ததும் தெரிவிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வாக்கு) முடியும்வரை காத்திருங்கள். அசைவே இல்லையென்றால் காத்திருப்பும் இருக்காது.

கேள்வி: எந்த அசைவுக்கு எவ்வளவு நேரம் வைக்கலாம்?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: பட்டன் அழுத்தலுக்கு 100–150 மில்லி விநாடி, மெனு, டயலாகுக்கு 200–300. வருவதற்கு ஈஸ்-அவுட் (வேகமாகத் தொடங்கி மெல்ல நிற்பது), போவதற்கு ஈஸ்-இன் (மெல்லத் தொடங்கி வேகமெடுப்பது). போவது சற்றுக் குறைவாக இருக்கட்டும். பில் போடுபவர் ஒரு நாளில் நூறு தடவை தொடும் இடத்தில் எந்த அசைவும் வேண்டாம்.

கேள்வி: பட்டுப்புடவைக் கடையின் முகப்பில் படங்கள் பெரிதாகிக்கொண்டே நகரும். ஒரு வாடிக்கையாளர் தலை சுற்றுகிறது என்கிறார்.
– வாசகர், ஆரணி

பதில்: அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உள்காதின் சமநிலை உறுப்பில் கோளாறு உள்ளவர்களுக்குப் பெரிய பரப்பு நகர்ந்தால் தலைசுற்றலும் குமட்டலும் உண்மையாகவே வரும். ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை அமைப்பில் அசைவுகளை நீக்கும் வசதி உண்டு. ஐபோனிலும் அசைவைக் குறைக்கலாம். அதை இயக்கியவரை 'ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன்' மீடியா வினவல் (சிஎஸ்எஸ்ஸில் எழுதும் நிபந்தனை) காட்டிக்கொடுக்கும். அவருக்குப் பெரிதாவதையும் சறுக்குவதையும் எடுத்துவிட்டு, ஒரு புடவை மங்கி அடுத்தது தோன்றும்படி மட்டும் விடுங்கள். அமைப்பைத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் ஓடும் எதற்கும் நிறுத்தும் பட்டன் வேண்டும், அதுவும் படத்தின் மேலேயே, கட்டைவிரலுக்கு எட்டும் அளவில்.