எரிமலைகளில் எத்தனை வகை? சில மட்டும் ஏன் வெடித்துச் சிதறுகின்றன?

வகைகளைப் பட்டியல் போடுவதைவிட, எரிமலைக் குழம்பின், அதாவது உருகிய பாறையின், பதத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே புரிந்துவிடும்.

ரசம் கொதித்தால் நுரை கட்டி அடங்கிவிடும். கேழ்வரகுக் கூழைக் கிண்டிப் பாருங்கள், பொளக்கென்று கையில் தெறிக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட ஆவி வெளியே வர வழி தேடுகிறது, அவ்வளவுதான். எரிமலைக் குழம்பைக் கூழாக்குவது சிலிகா, மணலில் இருக்கிற அதே பொருள். பாதியளவு சிலிகா உள்ள பசால்ட் குழம்பு ரசம் போல ஓடிவிடும்; ஹவாயின் மௌனா லோவா போன்ற, கவிழ்த்த கேடயம் மாதிரி அகன்ற மலைகள் அப்படி வளர்ந்தவை. சிலிகா 60 சதவீதத்தைத் தாண்டினால் கூழ். பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ, அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மாதிரி செங்குத்தான அடுக்கு எரிமலைகளில் இதுதான் தொல்லை. சின்னச் சின்ன சாம்பல் கூம்புகளும் உண்டு. 1943-ல் மெக்சிகோவில் பரிக்குட்டின் ஒரு சோளக்கொல்லையில் முளைத்தது.

வெடிப்பின் அளவைச் சொல்ல 0 முதல் 8 வரை ஒரு குறியீடு இருக்கிறது. 2-க்கு மேல் ஒவ்வொரு படிக்கும் வெளியே எறியப்படும் பொருள் பத்து மடங்கு. செயின்ட் ஹெலன்ஸ் (1980) 5, பினாட்டுபோ (1991) 6, இந்தோனேசியாவின் தம்போரா (1815) 7.

ஆனால் எனக்கு இந்தக் குறியீட்டோடு ஒரு சண்டை உண்டு. காரணம் எங்கள் மும்பைதான்.

ஊரிலிருந்து வந்த மாமாவை அந்தேரியில் கில்பர்ட் ஹில்லுக்குக் கூட்டிப் போனேன். கட்டடங்களுக்கு நடுவே சுமார் 60 மீட்டர் உயரக் கறுப்புப் பாறை, உச்சியில் காவ்தேவி கோயில். "யாருடா இவ்வளவு கல்தூணை வரிசையா அடுக்கினது?" என்றார். யாரும் அடுக்கவில்லை. வற்றிய குளத்து வண்டல் காய்ந்து வெடிக்குமே, அதுபோலக் குழம்பு ஆறிச் சுருங்கும்போது விழுந்த பிளவுகள் அவை. வயது ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேல். அப்போது தக்காணத்தில் பெரும்பாலும் நிலம் பிளந்து, குழம்பு படலம் படலமாக வழிந்தது. இன்று மிஞ்சியதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர்.

அந்தக் குறியீடு வழிந்தோடும் குழம்பைக் கணக்கில் எடுப்பதில்லை. சாம்பலும் கல்லும் எவ்வளவு எறியப்பட்டது என்றுதான் பார்க்கிறது. ஐஸ்லாந்தின் லாக்கியில் 1783-ல் நடந்ததும் இதே மாதிரிப் பிளவு வெடிப்புதான். குறியீட்டில் வெறும் 4. அது கக்கிய நச்சு வாயுவில் புல் கெட்டு, கால்நடை செத்து, பஞ்சம் வந்து, அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் செத்துப்போனார்கள்.