பாலூ தம்பி எழுத்துரு சின்ன அளவில் ஏன் அடைந்துபோகிறது?

மும்பையின் எழுத்துரு நிறுவனமான ஏக் டைப் வடிவமைத்த பாலூ தம்பி 2 எழுத்துருவில் 400 (சாதாரணம்) முதல் 800 (மிகத் தடித்தது) வரை ஐந்து தடிமன்கள் உண்டு. இதில் 800-ஐ 10 புள்ளி (பாயிண்ட்) அளவில் வைத்தால் சிக்கல்தான். 'ண'வைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கோடு தடிக்கத் தடிக்க, சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை இடம்தான் முதலில் சுருங்குகிறது. அச்சில் மை பரவினால் அதுவும் மூடிவிடும். 'ண்', 'ன்' வேறுபாடே மங்கும், அதுதான் பெரிய இழப்பு.

தடித்ததைத் தலைப்புக்கு, 24 புள்ளிக்கு மேல் வையுங்கள். உள்ளே வரும் பத்திகளுக்கு 400 போதும். ஏற்கெனவே தடித்த எழுத்தில் மென்பொருளின் போல்ட் பொத்தானை மேலும் அழுத்தாதீர்கள். அது வெளிக்கோட்டை ஊதி, மெய்யெழுத்தின் மேற்புள்ளியை எழுத்தோடு ஒட்டவைக்கும். வரி இடைவெளியை எழுத்தளவின் 1.5 மடங்காக வைத்துத் தொடங்குங்கள். இல்லையென்றால் மேல்வரி 'ழு'வின் வாலும் கீழ்வரி மெய்யெழுத்தின் புள்ளியும் மோதும்.