கடைச் சாமான் ஏற்றவும் குடும்பத்துடன் பயணிக்கவும் ஒரே வாகனம் போதுமா?

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றுவதற்கும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துடன் பயணிப்பதற்கும் ஒரே வாகனம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இருவர் மட்டும் அமரக்கூடிய பட்டா ரகச் சிறு லொறி சுமைக்கு நல்லதெனினும், அம்மாவையும் பிள்ளைகளையும் பின்தட்டில் ஏற்றிச் செல்ல முடியாது.

எனவே, பின் இருக்கை மடியும் வானே பொருத்தமானது. சுசுகி எவ்ரி போன்ற 660 சிசி வான்கள் 3.4 மீற்றர் நீளத்துக்குள் அடங்குவதால் எங்கள் ஒழுங்கைகளில் இலகுவாகத் திரும்பும். ஆனால் அவ்வகைச் சரக்கு வான்களுக்கு யப்பான் விதித்த சுமை எல்லை 350 கிலோ மாத்திரமே என்பதையும், பின் இருக்கையில் ஆட்கள் அமர்ந்தால் அது மேலும் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். அவற்றில் பொதுவாக நால்வருக்கே இடமுண்டு என்பதால், உங்கள் குடும்பத்துக்கு ஐந்து இருக்கையுள்ள ரொயோட்டா டவுன்ஏஸ் போன்ற வானையே நான் தெரிவு செய்வேன்.

வாங்குமுன், பதிவுச் சான்றிதழில் அது ஆட்களையும் சாமானையும் ஏற்றக்கூடிய இரட்டைப் பயன்பாட்டு வாகனமாக (dual purpose) உள்ளதா எனப் பாருங்கள். வியாபாரப் பாவனையைக் காப்புறுதியில் மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். கடற்கரையோரம் ஓடிய பழைய வானாயின், அடித்தளத் துருவை ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பார்ப்பித்த பிறகே முற்பணம் கொடுங்கள். பளபளக்கும் புதுப் பெயின்ற் எனக்கு எப்போதும் சந்தேகத்தையே தரும்.