'எல்', 'ஐ' என்று வந்து நின்றால்

அன்புள்ள சார்,

மன்னார்குடியில் எங்கள் மாமா வீட்டுப் பரணில் ஒரு பழைய பென்டியம் கிடைத்தது. 1999 வாக்கில் ரெட் ஹாட் லினக்ஸ் போட்டு, நெல் கணக்கெல்லாம் அதில்தான் எழுதினாராம். இப்போது ஆன் செய்தால் 'எல்', 'ஐ' என்று இரண்டு எழுத்து வந்து அப்படியே நிற்கிறது. டிஸ்க் போச்சு, எடைக்குப் போடு என்கிறார்கள். எனக்கு லினக்ஸ் புதுசு. என்ன செய்யட்டும்?

அன்புள்ள தம்பி,

எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டிஸ்க் முழுசாகப் போயிருந்தால் அந்த இரண்டு எழுத்தே வந்திருக்காது. லினக்ஸைக் கிளப்பிவிடும் லிலோ, ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் தன் பெயரில் ஒரு எழுத்தை எழுதும். 'ஐ' வரை வந்து நின்றால், இரண்டாவது துண்டு நினைவகத்தில் ஏறிவிட்டது, ஆனால் ஓட முடியவில்லை என்று அர்த்தம். டிஸ்கின் அமைப்பைப் பற்றி, மிஷினை முதலில் எழுப்பும் பயாஸ் ஒரு கணக்கும் லிலோ ஒரு கணக்கும் வைத்திருந்தால் இப்படி ஆகும். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், பரணில் கிடந்த இத்தனை வருஷத்தில் அது செத்து, பயாஸ் எல்லாவற்றையும் மறந்திருக்கும் என்பதுதான் என் சந்தேகம். தேதி தப்பாகக் காட்டினால் சந்தேகமே வேண்டாம். புது பேட்டரி போட்டுவிட்டு, பயாஸில் ஹார்ட் டிஸ்க் 'நார்மல்' என்றிருந்தால் 'எல்பிஏ' (டிஸ்கின் இடங்களை வரிசை எண்ணால் குறிக்கும் முறை) என்று மாற்றிப் பாருங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் டிஸ்கைக் கழற்றி, ஐடிஇ-யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி, இன்னொரு கம்ப்யூட்டரில் படிக்க மட்டும் திறந்து, கணக்கையெல்லாம் பிரதி எடுத்துவிடுங்கள்.

இதே 'எல்ஐ'யை நான் கும்பகோணத்தில் என் கையாலேயே வரவழைத்திருக்கிறேன். இடம் பற்றவில்லை என்று லினக்ஸ் கிளம்பத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் அடைவை டிஸ்கின் வேறு பகுதிக்கு, அதாவது வேறு பார்டிஷனுக்கு, நகர்த்தினேன், லிலோவை மறுபடி ஓட்ட மறந்துபோனேன். லிலோவுக்குக் கோப்பின் பெயரெல்லாம் தெரியாது, டிஸ்கில் எந்த இடம் என்று மட்டும்தான் குறித்து வைத்திருக்கும். டிஸ்கிலிருந்து கிளம்பாவிட்டால் கைகொடுக்கும் பூட் ஃப்ளாப்பி வேண்டுமா என்று இன்ஸ்டால் செய்யும்போது கேட்டதற்கு, பெரிய மனுஷன் மாதிரி வேண்டாம் என்று தட்டியிருந்தேன். அப்புறம் தஞ்சாவூருக்கு பஸ் ஏறி, நண்பரிடம் அந்த பூட் ஃப்ளாப்பியை இரண்டு பிரதி எழுதி வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து போட்டால் அதில் ஒன்று படிக்கவே இல்லை.

சரி, கிளம்பிவிட்டது என்று வையுங்கள். யூபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். குறுவைக்கு ஊரெல்லாம் போர்செட் ஓடும்போது வோல்டேஜ் இறங்கி ஆட்டம் காட்டும், தெரியும்தானே. அந்தக் காலத்தில் லினக்ஸ் கோப்புகளை டிஸ்கில் வைத்த இஎக்ஸ்டி2 முறையில் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏடு, கிடையாது. நடுவில் கரண்ட் போனால் டிஸ்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே வந்து கேள்விமேல் கேள்வியாகக் கேட்கும், நாம் 'ஒய்', 'ஒய்' என்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித் தட்டித்தான் ஒரு தடவை என் ஐந்தாறு கோப்புகள் பெயரெல்லாம் போய், 'லாஸ்ட்+ஃபவுண்ட்' அடைவில் வெறும் எண்களாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் எது எதுவென்று கண்டுபிடித்தேன். அணைக்கும்போதும் 'ஷட்டவுன்' கட்டளை கொடுத்து, 'சிஸ்டம் ஹால்ட்டட்' என்று வந்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள்.

மிஷினில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் பாஸ்வேர்டு மாமாவுக்கு மறந்திருந்தால், லிலோ தன் பெயரை முழுசாக எழுதி நம் பதிலுக்குக் காத்து நிற்கும் இடத்தில் 'லினக்ஸ் சிங்கிள்' என்று தட்டுங்கள், கேட்காமலே உள்ளே விட்டுவிடும். புது பாஸ்வேர்டு வைத்தால் மாமாவிடமும் சொல்லிவிடுங்கள், அவர் மிஷின்.